இணையத் தரநிலைக் கொள்கையில் சுற்றுச்சூழலுக்கு ஒரு வரி எழுதுவது எப்படி

"சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் செயற்படுவோம்." இப்படி ஒரு வரியை எழுத இரண்டு நிமிடம் போதும். நாங்களும் எழுதினோம். திருகோணமலை உவர்மலையில், எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று பேராக இருந்து விடுதிகளுக்கும் ரியூசன் நிலையங்களுக்கும் சங்கங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கிறோம். எங்கள் வேலைக்கென்று பத்து வரிக் கொள்கைத் தாள் ஒன்றை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். அதில் ஏழாவது வரி அது.

ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன்: அந்த ஏழாவது வரி ஒரு தடவைகூட எங்கள் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. அதற்கு மேலிருந்த ஆறாவது வரியோ கிழமைக்கு ஒரு சண்டை போட வைத்தது. "எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறையக்கூடாது" என்பதுதான் ஆறாவது வரி. விடுதிக்காரர் வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்து கேட்பார், நாங்கள் முடியாது என்போம், தாளைக் காட்டுவோம். ஏழாவது வரியைக் காட்டி யாரிடமும் எதையும் முடியாது என்று சொன்னதில்லை, ஏனென்றால் அது எதையும் மறுக்கவில்லை.

ஆகவே இந்தக் குறிப்பு, மறுக்கத் தெரிந்த ஒரு வரியை எழுதுவது பற்றியது. உங்கள் மூன்று பேர் கடைக்கு எழுதினாலும் சரி, டபிள்யூ3சி போன்ற இடத்தில் தரநிலை எழுதுபவர்களுக்குக் கருத்து அனுப்பினாலும் சரி, வேலை ஒன்றுதான்.

முதலில், பெரிய இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

டபிள்யூ3சி என்பது 1994ல் டிம் பேர்னர்ஸ்-லீ தொடங்கிய அமைப்பு. இணையப் பக்கங்கள் எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி வேலை செய்வதற்கான தரநிலைகளில் பெரும்பகுதி அங்கேதான் எழுதப்படுகிறது. (இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்ரிஎம்எல் போன்ற சில இப்போது வட்டபிள்யூஜி என்ற இன்னொரு குழுவின் கையில், 2019ல் இரு தரப்பும் அதற்கு உடன்பட்டன.) அங்கே டேக் என்று சுருக்கி அழைக்கும் தொழில்நுட்பக் கட்டமைப்புக் குழு, இணையத்துக்கான அறநெறிக் கொள்கைகள் என்ற ஆவணத்தைப் பல வருடமாக எழுதித் திருத்தி வந்தது. 2024 டிசம்பரில் அது டபிள்யூ3சியின் அதிகாரபூர்வ அறிக்கையாக வெளிவந்தது. இணையம் எல்லாருக்குமானது, பாதுகாப்பும் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும் என்ற வரிகளுக்குப் பக்கத்திலேயே, இணையம் சுற்றுச்சூழலுக்குத் தாங்கக்கூடிய தளமாக இருக்க வேண்டும் என்ற வரியும் இருக்கிறது.

அந்தத் தலைப்பின் கீழுள்ள சிறு பத்தியில் இரண்டு விடயம் சொல்லப்படுகிறது. இணையம் ஏற்கனவே நிறைய மின்சாரம் தின்கிறது, புதிய தொழில்நுட்பம் அதைக் கூட்டக்கூடாது என்பது ஒன்று. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மற்றது எனக்குப் பெரிதாகப் பட்டது: ஒரு புதிய வசதியின் சுற்றுச்சூழல் பாதிப்பைச் சுமப்பவர்கள், அந்த வசதியால் பயன் பெறுபவர்களாக இல்லாமல் இருக்கலாம்.

திருகோணமலையில் இருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூர். 2006ல் யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்தது. அவர்கள் திரும்பி வருமுன்னமே நிலத்தில் ஒரு பகுதி நிலக்கரி மின்நிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. மின்சாரம் நாடு முழுக்கப் போயிருக்கும். சாம்பல் சம்பூரில் விழுந்திருக்கும். 2016ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் சூரிய மின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் வேலை தொடக்கி வைத்தார்கள். இணையத்தில் ஒரு வசதியைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கணக்குத்தான்: வெளிச்சம் யாருக்கு, சாம்பல் யாருக்கு?

சாம்பல் விழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இதை நான் கற்றது என் பிழையில். சல்லிப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கு மீன் விலைப் பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். காலை ஏலத்தில் சூரை, பாரை, அறக்குளா என்ன விலைக்குப் போகிறது என்று சங்கத்துப் பிள்ளை ஒருவர் போடுவார். வாடியில் இருப்பவர்கள் போனில் பார்ப்பார்கள். விலை "உடனுக்குடன்" வரவேண்டும் என்று கேட்டார்கள். நானும் கெட்டிக்காரத்தனமாக, 5 செக்கனுக்கு ஒரு தடவை பக்கம் தானே சேர்வரிடம் கேட்கும்படி எழுதினேன். திரை அணைந்துவிட்டால் விலை தெரியாதே என்று, திரையை அணையவிடாமல் பிடித்து வைக்கும் வசதியையும் சேர்த்தேன். உலாவியில் அதற்கென்றே ஒரு தரநிலை இருக்கிறது, வேக் லொக் என்று. செய்து முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு கிழமையில் பெரியம்மாவின் மகன் வந்தார். அவரும் அந்தச் சங்கம்தான்.

"தங்கச்சி, உன்ர மீன் பக்கம் போனைச் சுடவைக்குது. எட்டு மணிக்குப் பற்றரி செத்துப்போகுது. கடலுக்குள்ள ஒருத்தனுக்கு ஒண்டெண்டால் எதால கதைக்கிறது?"

போனை வாங்கிப் பார்த்தேன். ஆறேழு வருடப் பழைய அண்ட்ரொய்ட். மேல் மூலையில் கண்ணாடி வெடித்து, பின்மூடியை றப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். பின்பக்கம் தொட்டால் இப்போதுதான் இறக்கிய பிளேன்ரிக் கோப்பை மாதிரிச் சூடு.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். 5 செக்கனுக்கு ஒன்று என்றால் மணிக்கு 720 கேள்வி. காலை 5 மணியிலிருந்து 10 மணிவரை 3,600. ஒவ்வொரு கேள்வி-பதிலோடும் கூடவே போகும் தலைப்பு வரிகளெல்லாம் சேர்த்து ஒரு கேள்வி-பதில் 4 கிலோபைட் வந்தது. ஆக ஒரு காலைக்கு 14 மெகாபைட்டுக்கு மேல், ஒரு போனுக்கு. அந்தப் பக்கத்தை 40 பேர் திறந்து வைத்திருந்தால் 1,44,000 கேள்வி. அதே காலையில் விலை எத்தனை தடவை மாறியது? பதிவைப் பார்த்தேன். நான்கு.

இப்போது அந்தப் பக்கம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கேட்கிறது, அதுவும் திரையில் திறந்திருந்தால் மட்டும். விலை மாறாவிட்டால் சேர்வர் "மாற்றமில்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திவிடும். திரையைப் பிடித்து வைக்கும் வேலையை எடுத்துவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. "உடனுக்குடன்" என்று கேட்டவருக்கு வேண்டியிருந்தது, ஏலம் முடிந்து அரை மணிக்குள் விலை தெரிவது.

நீங்கள் எழுதப்போகும் கொள்கைக்கு முதல் வேலை இதுதான். தாளை எடுக்குமுன், உங்கள் தளத்திலோ நீங்கள் பார்க்கும் தரநிலையிலோ ஒரு வசதியை எடுத்து, இது யாருடைய போனில், நாளுக்கு எத்தனை தடவை, என்ன வேலை வாங்குகிறது என்று ஒரு தடவையாவது கையால் எண்ணுங்கள். எண்ணாமல் எழுதிய கொள்கை எங்கள் ஏழாவது வரி மாதிரித்தான் வரும்.

எதை அளவாக வைப்பது

இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். "இந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தால் இத்தனை கிராம் கரியமில வாயு" என்று சொல்லும் கருவிகள் நிறைய உண்டு. ஆர்வத்தைக் கிளப்ப நல்லவை. கொள்கைத் தாளில் அந்தக் கிராமை எழுத நான் சம்மதிக்க மாட்டேன். அதே பக்கத்துக்கு ஒவ்வொரு கணக்கு முறையும் ஒவ்வொரு கிராம் சொல்லும். அதைவிட, வலையமைப்புக் கருவிகள் டேட்டா போனாலும் போகாவிட்டாலும் கிட்டத்தட்ட அதே மின்சாரத்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மெகாபைட் குறைத்த உடனே அந்த அளவு மின்சாரம் எங்கோ மிச்சமாகிவிடாது.

அப்படியானால் பைட்டைக் குறைத்து என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கைத்தொலைபேசி தன் ஆயுளில் ஏற்படுத்தும் பாதிப்பில் பெரும்பகுதி, அது தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே நடந்து முடிந்துவிட்டது. ஆகவே ஒரு போன் இன்னும் இரண்டு வருடம் உழைத்தால் அதுதான் பெரிய சேமிப்பு. பக்கங்கள் கனத்துப் போகப் போக, போன் "ஸ்லோவாயிட்டுது" என்று தூக்கிப் போடுகிறோம். போன் பழுதாகவில்லை, பக்கம் கொழுத்துவிட்டது. 2024ல் எடுத்த கணக்குகளில் கைத்தொலைபேசிக்கான பக்கத்தின் நடுவளவே (பாதிப் பக்கங்கள் இதைவிடப் பெரியவை) 2 மெகாபைட்டைத் தாண்டியிருந்தது.

அதனால் நாங்கள் அளப்பது மூன்றே மூன்று. பக்கம் முதலில் திறக்க எத்தனை கிலோபைட். திறந்த பிறகு சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை கேள்வி. பழைய போன் ஒன்றில் பக்கம் விரலுக்கு அசைய எத்தனை செக்கன். மூன்றாவதற்கு பெரியம்மா மகனுடைய போன் மாதிரியே ஒன்றை, உடைந்த கண்ணாடியோடு, கடையில் வாங்கி மேசை லாச்சியில் வைத்திருக்கிறோம். அதில் பார்க்காமல் எந்தப் பக்கமும் வெளியே போகாது. இந்த மூன்றையும் யார் அளந்தாலும் ஒரே விடைதான் வரும், அதுதான் வேண்டும்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளைப் பாருங்கள். அவற்றின் முதல் பதிப்பு 1999ல் வந்தது. 2008ல் வந்த இரண்டாம் பதிப்பில், சோதித்துப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய விதமாக விதிகளை எழுதினார்கள். எங்கள் ஆறாவது வரியின் 4.5க்கு 1 அங்கிருந்து வந்ததுதான். சுற்றுச்சூழலுக்கும் அதே மாதிரி ஒரு வழிகாட்டியை டபிள்யூ3சியில் ஒரு குழு 2023லிருந்து வரைவாக எழுதி வருகிறது. வாசிக்க வேண்டிய ஆவணம். ஆனால் மிக நீளம்; அப்படியே சுவரில் ஒட்ட முடியாது. உங்களுக்குப் பொருந்தும் நான்கைந்தை மட்டும் எடுங்கள்.

வரியை எழுதுதல்

எங்கள் ஏழாவது வரி இப்போது இப்படி இருக்கிறது:

"புதிய வசதி ஒன்றைச் சேர்க்குமுன், அது யாருடைய போனில், எத்தனை தடவை, என்ன வேலையைக் கூட்டுகிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். பயன் ஒருவருக்கும் செலவு இன்னொருவருக்கும் என்றால், அந்த வசதி அணைத்தே இருக்கும், வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம்."

இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இரண்டு மாதம் இழுபட்டோம். அதில் உள்ள உயிர், "அணைத்தே இருக்கும்" என்ற இரண்டு சொல். தரநிலைகளில் எதையும் விட வலியது, யாரும் எதையும் தொடாதபோது என்ன நடக்கிறது என்பதுதான். சரியான முறையை விளக்கி நூறு பக்கம் எழுதினாலும் பத்துப் பேர் வாசிப்பார்கள். இயல்புநிலையை மாற்றினால் ஒன்றையும் வாசிக்காதவரும் அதன்படி நடப்பார்.

இரண்டு பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. பக்கத்தில் எதையாவது அசைய வைக்க முன்பெல்லாம் கடிகாரம் வைத்து ஓட்டுவார்கள். நீங்கள் உலாவியில் வேறு தத்தலுக்கு (tab) போனாலும் அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அசைவுக்கென்றே வந்த முறையில், பக்கம் கண்ணுக்குத் தெரியாதபோது உலாவி தானே அசைவை நிறுத்திவிடுகிறது. எழுதியவர் சுற்றுச்சூழலைப் பற்றி நினைத்தாரோ இல்லையோ, பற்றரி தப்பியது. படங்களில் நடந்தது நேர்மாறு. திரைக்கு எட்டும்போது மட்டும் படத்தை இறக்கும் வசதி 2019லிருந்து உலாவிகளில் வரத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நீங்களே "lazy" (சோம்பல்) என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால்தான். பழைய பக்கங்கள் உடைந்துவிடும் என்ற பயத்தில் இயல்புநிலையைத் தொடவில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், அந்த ஒரு சொல்லைச் சேர்க்காத கோடிக்கணக்கான பக்கங்கள் யாரும் கீழே இறங்கிப் பார்க்காத படங்களை இன்றும் இறக்கிக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்று: வரியில் "முடிந்தவரை", "இயன்ற அளவு" என்று வந்தால் வெட்டுங்கள். அந்தச் சொல் இருக்கும் இடத்தில் கொள்கை இல்லை, ஆசைதான் இருக்கிறது.

மற்ற வரிகளோடு மோதும்போது

கொள்கைத் தாளில் ஒரு வரி மட்டும் இருக்காது. சுற்றுச்சூழல் வரி சிலவற்றோடு கைகோர்க்கும், சிலவற்றோடு முட்டும். முட்டும் இடத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

முட்டியதற்கு நல்ல உதாரணம் பற்றரி. போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பக்கத்துக்குச் சொல்லும் ஒரு வசதி உலாவிகளில் வந்தது. எண்ணம் நல்லது, சார்ஜ் குறைவென்றால் பக்கம் கனமான வேலையை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சார்ஜ் அளவை நுணுக்கமாகச் சொல்லும்போது, அதையே அடையாளமாக வைத்து ஆளைப் பின்தொடரலாம் என்று 2015ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017ல் பயர்பொக்ஸ் உலாவி அந்த வசதியைப் பக்கங்களிடமிருந்து பிடுங்கிவிட்டது. நான் பயர்பொக்ஸ் பக்கம்தான். பற்றரியைக் காப்பாற்றுவதற்கு ஆளைக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. உலாவியே சார்ஜைப் பார்த்து, பக்கத்துக்குச் சொல்லாமல், தானாக அடக்கிக்கொள்ளலாம். வேக் லொக் தரநிலையில் அப்படித்தான் இடம் விட்டிருக்கிறார்கள்: சார்ஜ் குறைந்தால் உலாவி மறுக்கலாம், பக்கம் மறைந்தால் பிடி தானே விடுபடும். என் மீன் பக்கம் வாடித் தரையில் திறந்தபடியே கிடந்ததால் அது தப்பிக்கொண்டது, அது வேறு கதை.

பாதுகாப்போடும் முட்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கும், உலாவி தளத்தை நம்பித் திறப்பதற்கான சான்றிதழைத்தான் நாங்கள் எல்லாத் தளத்துக்கும் போடுகிறோம். அவர்களுடைய பழைய மூலச் சான்றிதழ் (போன் முதலில் நம்பும் சான்று) வழி 2021 செப்டம்பரில் காலாவதியானது. 7.1.1க்கு முந்தைய அண்ட்ரொய்ட் போன்களுக்குப் புதிய மூலத்தைத் தெரியாது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால், நல்லாக உழைக்கும் போன்கள் ஒரே நாளில் ஏராளமான தளங்களைத் திறக்க மாட்டாமல் நின்றிருக்கும். அவர்கள் ஒரு மாற்று வழி செய்து 2024 செப்டம்பர்வரை தள்ளினார்கள். மூன்று வருடம். பாதுகாப்பை விட்டுக்கொடுக்கவும் இல்லை, போன்களை அன்றே குப்பைக்கு அனுப்பவும் இல்லை. முட்டுகிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்: நிறுத்துவதென்றால் காலம் கொடுத்து நிறுத்து.

கைகோர்க்கும் இடமும் ஒன்று சொல்கிறேன், அது எங்கள் ஊர் வியாதி. இன்றைக்கும் அறிவித்தல்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, போனில் படம் பிடித்து, அந்தப் படத்தை இணையத்தளத்தில் போடுகிறார்கள். பாமினியில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும் என்பதால் தொடங்கிய பழக்கம்; யூனிகோட் எல்லாப் போனிலும் வந்த பிறகும் விடவில்லை. அண்மையில் ஒரு நேர்முகத் தேர்வு அறிவித்தலை எடுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 180 சொல். படம் 2.4 மெகாபைட். அதையே யூனிகோட்டில் தட்டச்சு செய்தேன், 5 கிலோபைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் பிடித்தும் அவ்வளவுதான். கண் தெரியாதவரின் போன் அந்தப் படத்தை வாசித்துக் காட்டாது, தேடினால் கிடைக்காது, திகதி மாறினால் திருத்த முடியாது. "எழுத்தை எழுத்தாகவே போடு" என்ற ஒரே விதியில் அணுகல், தமிழ், சுற்றுச்சூழல் மூன்றும் ஒன்றாக வெல்கின்றன. உங்கள் தாளில் இடம் குறைவென்றால் முதலில் இதை எழுதுங்கள்.

எப்போது கேட்பது

தொடக்கத்தில். இதற்கு ஒரு பெரிய உதாரணம் நடந்தது. பரவலாக்கப்பட்ட அடையாளக் குறிகள் (ஒரு மைய நிறுவனத்தை நம்பியிராத இணைய அடையாளம்) என்ற தரநிலையை 2021ல் டபிள்யூ3சி இறுதி செய்யப் போனபோது, பயர்பொக்ஸைச் செய்யும் மொசில்லா முறைப்படி ஆட்சேபித்தது. காரணங்களில் ஒன்று, பிட்கொயின் மாதிரி மின்சாரத்தை விழுங்கும் பிளொக்செயின் முறைகளும் அதன்கீழ் வரலாம் என்பது. ஆதரித்தவர்கள், தரநிலை எந்த முறையையும் கட்டாயப்படுத்தவில்லையே என்றார்கள். ஆட்சேபம் தள்ளப்பட்டு 2022 ஜூலையில் தரநிலை வெளிவந்தது. யார் சரி என்பதை விடுங்கள். எல்லாம் எழுதி முடிந்து பந்தலில் மேளம் கொட்டும் நேரத்தில் மாப்பிள்ளை சரியில்லை என்று எழும்பினால் யார் கேட்பார்கள்?

டபிள்யூ3சியில் ஒரு புதிய யோசனைக்கு முதலில் விளக்கக் குறிப்பு ஒன்று எழுதுவார்கள்: பயனருக்கு என்ன தேவை, அதை எப்படித் தீர்க்கிறோம் என்று. டேக் குழுவின் பரிசீலனை, மென்பொருள் எழுதுபவர்கள் கூடும் கிட்ஹப் தளத்தில் பகிரங்கமாக நடக்கும். பாதுகாப்பும் அந்தரங்கமும் பற்றி எழுதுபவர் தானே நிரப்ப வேண்டிய கேள்விக்கொத்து ஒன்று ஏற்கனவே உண்டு. சுற்றுச்சூழல் கேள்வி அந்தக் கட்டத்தில்தான் வர வேண்டும். நீங்கள் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. கிட்ஹப் கணக்கு இருந்தால் கருத்து எழுதலாம்.

எழுதும்போது பூமியில் தொடங்காதீர்கள். ஆட்சேபத்தின் முதல் வரியில் துருவக் கரடி வந்தால் இரண்டாவது வரியை யாரும் வாசிக்க மாட்டார்கள். ஒரு பயனர், ஒரு போன், ஒரு எண், பிறகு நீங்கள் கேட்கும் மாற்றம். "இந்த வசதி பக்கம் மறைந்த பிறகும் ஓடுமா? ஓடும் என்றால் ஏன்? மறைந்தால் நிற்கும் என்பதை இயல்புநிலையாக்க முடியுமா?" இவ்வளவு போதும். பக்கம் மறைந்ததா என்று சொல்லும் தரநிலை 2013லேயே வந்துவிட்டது, சாக்குச் சொல்ல முடியாது.

ஒரு வசதியில் போட்டுப் பார்த்தால்

முன்னூகம் என்று ஒரு வசதி இப்போது குரோமில் இருக்கிறது. வருபவர் அடுத்து எந்த இணைப்பை அழுத்துவார் என்று ஊகித்து, அந்தப் பக்கத்தை முன்னமே இறக்கித் தயாராக வைப்பது. ஊகம் சரியென்றால் பக்கம் கண் இமைக்குமுன் திறக்கும். பிழையென்றால், யாரும் பார்க்காத பக்கம் அவருடைய டேட்டாவில் வந்து கிடக்கும். எவ்வளவு ஆவலாக ஊகிக்கலாம் என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். கடைசிப் படி, இணைப்பைக் கண்ட உடனே இறக்குவது. மிக அடக்கமான படி, விரல் இணைப்பில் பட்ட பிறகுதான். டேட்டா சேமிப்போ பற்றரி சேமிப்போ போட்டிருந்தால் குரோம் ஊகிக்கவே ஊகிக்காது. இப்படி ஒரு தரநிலையைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. படி வைத்திருக்கிறார்கள், நிறுத்தவும் வழி வைத்திருக்கிறார்கள்.

உப்புவெளியில் ஒரு விடுதிக்காரர் தன் தளத்தில் இதைப் போடச் சொல்லிக் கேட்டார். அந்தத் தளத்தோடு எனக்கு ஏற்கனவே ஒரு வழக்கு இருந்தது. முகப்பில் மேலிருந்து எடுத்த கடற்கரை வீடியோ, 22 மெகாபைட், திறந்த உடனே தானாக ஓடும். அறை பார்க்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் ஹபரணையிலிருந்து பஸ்ஸில் வரும்போதுதான் தேடுகிறார்கள், சிக்னல் அறுந்தறுந்து வரும் காட்டு வழியில். வீடியோவை எடுத்துவிட்டு 90 கிலோபைட் படம் ஒன்று வைத்தேன். விடுதிக்கார ஐயா போன் எடுத்தார்.

"பிள்ளை, கடல் ஆடாமல் நிக்குது. செத்த கடல் மாதிரிக் கிடக்கு."

கடைசியில் படத்தின் மேல் சின்னதாக ஒரு பட்டன். அழுத்தினால் வீடியோ ஓடும். அழுத்துபவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் வைஃபை உள்ள இடத்திலிருந்து என்று ஐயாவே சொன்னார்.

முன்னூகத்துக்கு வருவோம். எங்களோடு வேலை செய்யும் கிண்ணியாத் தம்பி கடைசிப் படியை வைக்க வேண்டும் என்றார். தளத்தில் 14 இணைப்பு, பக்கத்துக்கு 300 கிலோபைட் கணக்கில் வந்தாலும் எல்லாம் சேர்த்து 4 மெகாபைட்தானே என்பது அவர் வாதம். ஏழாவது வரியைப் படித்தோம். யாருடைய போனில்? பஸ்ஸில் இருப்பவருடைய போனில். எத்தனை தடவை? வரும் ஒவ்வொரு தடவையும். என்ன வேலை? 14 பக்கம் இறக்கினால் பார்க்கப்படுவது இரண்டு, மிஞ்சினால் மூன்று. பயன் யாருக்கு? தளம் வேகம் என்று பெயர் எடுக்கும் எங்களுக்கு.

விரல் பட்ட பிறகு இறக்கும் அடக்கமான படியையே வைத்தோம். லாச்சியில் இருக்கும் போனில் பார்த்தபோது அறைப் பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் கெதியாகத்தான் திறந்தது. தம்பிக்கு முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அறை விலைப் பக்கம் ஒன்றை மட்டுமாவது முன்கூட்டி இறக்க விடுங்கோ அக்கா, வருகிறவர்களில் எத்தனை பேர் அதை அழுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். எண்ணிக்கொண்டு வரட்டும்.